சேம்பர் மட்டும் புதிது

ஓசூரில் நான் வாடகைக்கு இருக்கும் தெருவில் பால்காரர் தெலுங்கில் பேசுவார், என் மனைவி தமிழில் சண்டை போடுவாள், எதிர்வீட்டு அம்மா கன்னடத்தில் சமாதானம் செய்வார். ஒன்பது வருடமாகப் பால் எப்படியோ சரியாகவே வருகிறது. பாஷை தெரியாமலே இங்கே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று நான் நம்பியதற்கு அதுதான் காரணம்.

கோவில்பட்டிக்காரன் நான். இங்கே ஒரு கம்பெனியில், இஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்டுகளை அளந்து பார்ப்பது என் வேலை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் தள்ளிவிடுவேன். இத்தனை நுட்பமாக அளக்கிறவன் ஓட்டுவதென்னவோ பழைய மொபெட். சீறிக் கிளம்புகிற ஒரு டர்போ காரில் ஒருமுறையாவது ஊருக்குப் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை வந்தது. புதிது வாங்க வசதியில்லை. சேகரிடம் சொன்னேன்.

சேகரும் எங்கள் ஊர்தான். நான் வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன். கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. வேலை நேரம் போக, கார் வாங்கி விற்றுக் கொடுப்பான். வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டில் வண்டி நிற்பதாகச் சொல்லி அழைத்துப் போனான்.

பழைய வேகக் கார் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், நான் எதையும் விடவில்லை. பானட்டில் உள்ளங்கையை வைத்தேன். முன்னமே சூடேற்றி வைத்திருந்தால் குளிர்ந்த இஞ்சினின் குறையை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லென்றிருந்தது. ஸ்டார்ட் செய்து சைலன்சர் பக்கம் நின்றேன்; நீலப் புகை இல்லை. கதவு ரப்பரில் பெயின்ட் சிதறல் இருக்கிறதா, போல்ட்டுகளில் ஸ்பேனர் தழும்பு இருக்கிறதா, நான்கு டயரும் ஒரே வயதா என்று பார்த்தேன். மூன்றாம் கியரில் வேகமாக மிதித்தேன், கிளட்ச் வழுக்கவில்லை. கடைசியாக அடியில் படுத்தேன். வண்டியெல்லாம் செம்மண் அப்பியிருக்க, இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பர் மட்டும் புதிதாக மின்னியது.

"இது ஏன் புதுசா இருக்கு?" என்று கேட்டேன்.

தோப்புக்காரர் குனிந்து, நிதானமாகப் பதில் சொன்னார். "சேம்பர் ஒடெதித்து. ஆயில் இல்தே ஓட்ஸ்பிட்டித்த நம் ஹுடுக."

எனக்கு ஆயிலும் ஓட்டமும்தான் காதில் விழுந்தன. சேகரைப் பார்த்தேன்.

"புது சேம்பர் போட்டிருக்காராம் அண்ணாச்சி. ஆயிலெல்லாம் மாத்தி பையன் நல்லா ஓட்டிக்கிட்டிருந்தானாம்."

வாங்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். தொப்பூர் கணவாயில் இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல் சத்தம் கேட்டது. ஓரங்கட்டுவதற்குள் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. "பஸ்லயே போயிருக்கலாம்" என்றாள் மனைவி. மெக்கானிக் இஞ்சினைப் பிரித்தபோது ஆயிலில் உலோகத்தூள் மினுமினுத்தது. தேய்ந்து கோடு விழுந்த கிராங்க்ஷாஃப்டை என் கையில் கொடுத்தான். அளக்காமலே தெரிந்தது.

நேராக வேப்பனப்பள்ளிக்குப் போய்க் கத்தினேன். தோப்புக்காரர் புரியாமல் விழித்தார். உள்ளேயிருந்து அவருடைய மருமகள் வந்தாள். தமிழில் பேசினாள்.

"மாமா அன்னிக்கே சொன்னாருங்களே. சேம்பர் ஒடஞ்சி, ஆயில் இல்லாம ஓட்டிட்டாங்க, இஞ்சின் அடி வாங்கியிருக்கும்னு. நீங்க வண்டிய எடுத்துட்டு ஒரு சுத்து போனப்பவே ஒரு தரம் சொல்லியிருந்தாரு. கூட வந்தவரு, அவருக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சிதான் வாங்கறாருன்னாரு."

அங்கேயே நின்று சேகருக்குப் போன் போட்டேன். அவன் மறுக்கவில்லை.

"நீங்க பெரிய இன்ஸ்பெக்டர்லா அண்ணாச்சி. அடியில படுத்து பாத்தீயளே, தெரியலையா? நம்ம ஊர்க்காரர்னுதான் ஒங்ககிட்ட கமிஷன்கூட வாங்கல."

போனை வைத்தேன். கன்னடத்தில் உண்மையைச் சொன்னவரிடம் கத்தியிருக்கிறேன். தமிழில் பொய் சொன்னவனை ஒன்பது வருடம் உறவென்று நினைத்திருக்கிறேன். தோப்புக்காரப் பெரியவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் குடிக்கும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டார்.

"நிம்து யாவ ஊரு?"

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கோவில்பட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அது சேகரின் ஊர். ஓசூர் என்று சொல்லலாம். ஒன்பது வருடமாகியும் இந்த மண்ணில் ஒருவர் சொன்ன இரண்டு வரி எனக்குப் புரியவில்லை. பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் செம்பைப் பிடித்தபடி அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.