மாத்திரை போட்ட ஞாயிற்றுக்கிழமை

ஹீட் கன் வாடை பிடிக்காமல் போனதுதான் முதல் அறிகுறி. ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு கம்பெனியில் ஏழு வருடமாக லைனில் நிற்கிறேன். ஒயர் மேல் கறுப்புக் குழாயை மாட்டி ஹீட் கன்னால் சூடு காட்டினால் அது சுருங்கி இறுக்கிக்கொள்ளும். அந்த வாடைக்கு என் மூக்கு மரத்துப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அது குடலைப் புரட்டியது.

நாள் தள்ளிப்போனதை அப்போதுதான் விரல் விட்டு எண்ணினேன். ஷிப்ட் மாறும்போதெல்லாம் எனக்கு முன்னே பின்னே ஆவது வழக்கம் என்பதால் கவனிக்கவில்லை. மறுநாள் காலை சிறுநீரில் பரிசோதித்தேன். இரண்டு கோடு.

இதே நிலையில் இருக்கும் ஒருத்திக்காக இதை எழுதுகிறேன். யாரிடமும் கேட்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தேடுகிறவளுக்காக. நானும் அப்படித்தான் தேடினேன். கிடைத்தவற்றில் பாதி பயமுறுத்தியது, மீதி ஒன்றுமே ஆகாது என்றது. இரண்டுமே எனக்கு உதவவில்லை.

எங்களுக்கு இரண்டரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம், ஒரு தடவை தவறிவிட்டது. காரணம் கேட்பவர்களுக்கு நான் நீளமாகச் சொல்லிக்கொண்டே போகலாம். உண்மை ஒரு வரிதான். எனக்கு இப்போது வேண்டாம்.

என் கணவர் ராஜுக்கு அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அன்று மாலை அவரிடம் சொன்னேன்.

"என்னா செய்யலாங்கற?" என்றார்.

"எனக்கு இப்ப வேணாங்க."

டிவியை நிறுத்தினார், போட்டார், மறுபடியும் நிறுத்தினார். கடைசியில், "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம். நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் சபையில் இது பெரும்பாவம். என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். காய்ச்சலில் கிடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவர்.

லைனில் எனக்குப் பக்கத்து ஸ்டேஷனில் நிற்கும் மஞ்சுளாவிடம் மட்டும் சொன்னேன். "மெடிக்கல்ல கேட்டாலே மாத்திர குடுப்பாங்க அக்கா. எங்க சித்தி பொண்ணு அப்படித்தான் வாங்கிப் போட்டுக்கினா" என்றாள். நானும் போனேன். கடை வாசலில் எங்கள் லைன் லீடர் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு நின்றார். திரும்பிவிட்டேன். நான் டாக்டரிடம் போனது புத்திசாலித்தனத்தால் அல்ல. வெட்கப்பட்டுத்தான் போனேன். எப்படியோ, போனது நல்லதாயிற்று.

டாக்டரம்மா முதலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கரு கருப்பைக்குள் இருக்கிறதா, கருக்குழாயில் (கருப்பைக்குப் போகும் மெல்லிய வழி) தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். குழாயில் தங்கிய கருவுக்கு இந்த மாத்திரை கேட்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கியிருந்தால் இது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கரு சரியான இடத்தில்தான் இருந்தது. ஏழு வாரம். ரத்தப் பிரிவும் ஹீமோகுளோபினும் (ரத்தத்தின் சத்தைக் காட்டும் அளவு) பார்த்தார்கள். சத்து கொஞ்சம் குறைவு, ஆனாலும் மாத்திரை போடலாம் என்றார்கள்.

பிறகு கூட வந்திருந்த ராஜை டாக்டரம்மா வெளியே உட்காரச் சொன்னார்.

"யாராவது கட்டாயப்படுத்துறாங்களாம்மா?"

"இல்ல டாக்டர்."

"நீங்களா எடுத்த முடிவுதானே?"

"ஆமாங்க. அவர் கையெழுத்துப் போடணுமா?"

"பதினெட்டு வயசு தாண்டிட்டீங்கல்ல, உங்க கையெழுத்து மட்டும் போதும்."

கையெழுத்துப் போட்டேன். என் பெயர் கோணலாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, டாக்டர் முன்னாலேயே முதல் மாத்திரையை விழுங்கினேன். கரு தங்கி வளரத் தேவையான ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை அது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ஷிப்டுக்கு வேலைக்கே போனேன். ஒன்றும் ஆகாததுதான் தாங்க முடியாமல் இருந்தது. சனிக்கிழமை வீட்டில் இருந்த எல்லா டப்பாவையும் கழுவிக் கவிழ்த்தேன். கழுவியதையே மறுபடியும் கழுவினேன். "என்னாத்துக்கும்மா இப்புடி அலையற, செத்த உக்காரு" என்றார் அத்தை. உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம்கூட உட்கார முடியவில்லை.

இரண்டாம் கட்ட மாத்திரைகளை ஞாயிறு காலை வீட்டிலேயே போட வேண்டும். அத்தை என் மகளைத் தூக்கிக்கொண்டு பூசைக்குக் கிளம்பினார். அங்கிருந்து கிருஷ்ணகிரியில் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. நான் வயிற்று வலி என்று சொல்லியிருந்தேன். "பூசையை விடற அளவுக்கா வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

முதலில் வலி மாத்திரையும் வாந்தி மாத்திரையும். பிறகு நாலு மாத்திரைகள், கன்னத்துக்கு இரண்டாக அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் கரைய விட வேண்டும். சுண்ணாம்பை வாயில் போட்டது போல இருந்தது. மீதியைத் தண்ணீரோடு விழுங்கினேன். கருப்பையைச் சுருங்க வைத்து உள்ளிருப்பதை வெளியே தள்ளும் மருந்து இது.

ஒரு மணி நேரத்தில் குளிர் எடுத்தது. பல் கிட்டியது. ராஜ் இரண்டு போர்வை போர்த்தினார். அப்புறம் வயிற்றுப்போக்கு. இவை வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பதினொரு மணிக்கு வலி தொடங்கியது. மாதவிலக்கு வலிதான், ஆனால் பிரசவத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் கலந்தாற்போல. படுத்தால் தாங்கவில்லை, நின்றாலும் தாங்கவில்லை. இருந்த இரண்டு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். வெந்நீர்ப் பை ஆறினால் ராஜ் நிரப்பித் தந்தார்.

பிறகு ரத்தம், கட்டி கட்டியாக. கழிவறையில் ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், பார்த்துவிட்டேன். எலுமிச்சை அளவில் ரத்தக்கட்டி, அவ்வளவுதான். அழுகை வந்தது. வருத்தப்பட்டுத்தான் அழுதேன். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. இரண்டும் ஒருத்திக்குள்ளேயே இருக்க முடியும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே வரவும். நான் போனில் மணிக்கு ஒரு தடவை அலாரம் வைத்தேன். அலாரம் அடித்ததும் போய் மாற்றினேன். வந்து ஒரு காகிதத்தில் ஒன்று என்று எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒன்று. ஒரு மணிக்கு ஒன்று. இரண்டு மணிக்கு ஒன்று. இரண்டு மணிக்கு நர்ஸ் போனில் கூப்பிட்டார்.

"எத்தன பேடும்மா ஆகுது?"

"மணிக்கு ஒண்ணு சிஸ்டர்."

"முழுசா நனையுதா?"

"நனையுது."

"ஒண்ணுதானே? சரி, தண்ணி நல்லாக் குடிங்க. கூடினா உடனே சொல்லுங்க."

மூன்று மணிக்கும் ஒன்று என்று எழுதினேன். காது அடைத்தாற்போல இருந்தது. கழிவறைக் கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ராஜ் ஓடி வந்து தூக்கினார். குப்பைக் கூடையைப் பார்த்தவர், நான் காகிதத்தில் சுற்றிப் போட்டிருந்த பொட்டலங்களைப் பிரித்தார்.

"என்னா இது, ரெண்டு ரெண்டா இருக்குது?"

"எது?"

"ஒவ்வொரு பொட்டலத்துலயும் ரெண்டு பேடு இருக்குது. நீ ஒண்ணுன்னு சொன்ன?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. நான் எப்போதும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேட்தான் வைப்பேன். எங்கள் லைனில் எல்லாரும் அப்படித்தான். நம் இடத்தில் நிற்க வேறு ஆள் வந்தால்தான் லைனை விட்டு நகர முடியும். அந்த ஆள் எல்லாருக்கும் பொது. எட்டு மணி நேரத்தில் டீக்கும் சாப்பாட்டுக்கும்தான் நிச்சயமாகப் போக முடியும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மூத்த பெண்கள் இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீரைக் குறைத்துக் குடி, இரண்டாக வை. ஏழு வருடத்தில் எனக்கு அந்த இரண்டுதான் ஒன்று. நான் பொய் சொல்லவில்லை. எண்ணத் தெரியாமல் போய்விட்டது.

ராஜ் நர்ஸிடம் பேசினார். எதிர்முனையில் அவர் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. "நாலு மணி நேரமா ரெண்டு ரெண்டா? உடனே கூட்டிட்டு வாங்க, பஸ்ஸுக்கு நிக்காதீங்க."

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரிடம் ராஜ் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் ராஜ் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். "தூங்காத, தூங்காத. பாப்பா பேரச் சொல்லு." சொன்னேன். "மறுபடியும் சொல்லு." அவர் சட்டை முழுக்க என் ரத்தம். சாகப் பயந்தேன். அதைவிட, எதற்காகச் செத்தேன் என்று அத்தை கேட்டால் இவர் என்ன சொல்வார் என்று பயந்தேன். உயிர் போகும் நேரத்தில் இப்படியும் ஒரு பயம் வருமா என்று இப்போது எனக்கே கோபம் வருகிறது.

ஸ்கேனில் கொஞ்சம் திசு உள்ளே தங்கியிருப்பது தெரிந்தது. அது இருக்கும்வரை கருப்பை சுருங்காது, ரத்தமும் நிற்காது. மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாய் வழியாக உறிஞ்சி எடுத்தார்கள். பத்து நிமிடம்தான். ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகவில்லை, குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் காலை வரை வைத்திருந்தார்கள்.

"எல்லாருக்கும் இப்படி ஆகாது. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு வீட்டிலேயே நல்லபடியா முடிஞ்சிரும். உங்களுக்கும் சமாளிச்சிருக்கலாம், ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா" என்றார் டாக்டர். அதனால் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பேட் வையுங்கள். நனைந்ததை எண்ணுங்கள். கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கையை அவரிடமும் காட்டுங்கள். ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றாலோ, நாற்றமடிக்கும் வெள்ளை பட்டாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் அத்தை என் மகளோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். ராஜ் போனில் ரத்தப்போக்கு என்று மட்டும் சொல்லியிருந்தார். கட்டிலருகே நின்று என் காலைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருக்கிறதா என்று. "தானா கலைஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

ராஜ் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். அன்று முழுக்கப் பாதியாக எண்ணிப் பாதியாகச் சொன்னது போதும் என்று இருந்தது.

"இல்ல அத்த. நான்தான் மாத்திரை போட்டேன்."

மகளைக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அத்தை வராந்தாவில் போய் ஜெபமாலையை எடுத்தார். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. மூன்று நாள் ஈரல் வதக்கிக் கொடுத்தார். அது அன்பா, கடமையா, எனக்குத் தெரியாது. பூசைக்குப் போகிறேன். அங்கே தரும் நற்கருணை அப்பத்தை வாங்க எழுந்து நிற்பதில்லை. அதற்கும் ஒரு நாள் வழி தெரியலாம்.

ரத்தம் பன்னிரண்டு நாள் துளித்துளியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஸ்கேன் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அன்றே காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் தடுப்புச் சாதனம்) வைத்துக்கொண்டேன். சிறுநீர்ப் பரிசோதனை சில வாரம் வரை இரண்டு கோடு காட்டலாம், அதைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். மாதவிலக்கு ஐந்தாவது வாரம் வந்தது. இரும்புச்சத்து மாத்திரை இன்னும் போகிறது.

அந்த ஐந்தாவது வாரம் வேலையில் இருந்தேன். காலை ஒன்பதே முக்கால், டீக்குக் கால் மணி நேரம் இருந்தது. நனைந்துவிட்டது தெரிந்தது. ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தேன். ஸ்டேஷனில் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும், இழுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். மெஷின் மக்கர் செய்தால் இழுப்பார்கள். இழுத்தேன்.

லைன் லீடர் வந்தார். "என்னா பிராப்ளம்?"

"பாத்ரூம் போகணும் சார்."

"கால் மணி நேரத்துல டீ பிரேக்குதானே? ஆள் வேற இல்ல. நீ போனா லைன் நின்னுரும்."

"தெரியும் சார்."

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினேன். பின்னால் பெல்ட் ஓடும் சத்தம் அடங்கியது. இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் அந்த அமைதியை நான் கேட்டதே இல்லை. லைனில் இருந்த முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. நடந்தே போனேன்.