உருகிய பாறையும் தாலிப் பொன்னும்

இலங்கையில், எங்கள் ரப்பர் தோட்டத்தில், அம்மிக்கல்லில் தேங்காய்ச் சம்பல் அரைப்போம். இந்த ஜெர்மன் ஊரில் நான் கல்லையே அரைக்கிறேன். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். எந்தக் காலத்திலோ வானத்திலிருந்து ஒரு கல் விழுந்ததாம். விழுந்த வேகத்தில் தரைப்பாறை தண்ணீராய் உருகி, கொதித்து, மறுபடி இறுகியதாம். வந்த கல் ஆவியாகிவிட்டது. உருகிக் கிடக்கும் பாறை பெரும்பாலும் உள்ளூர் மண்தான். வந்தவனுக்கு அடையாளமாக இரிடியம் என்ற உலோகம் ஒரு துளி மிஞ்சியிருக்கலாம். தரைப்பாறைகளில் அது அபூர்வம், விண்கற்களில் அதிகம். பாறையை மாவாக்கி அந்தத் துளியைத் தேடுவதுதான் எங்கள் லேபின் வேலை. உரலுக்குள் சாம்பல்நிற மாவு சுழலும்போது, சில நாள் எங்கள் தெஹியோவிட்ட ரப்பர் மலையின் காலை மூட்டத்துக்குள் நிற்பதுபோலவே இருக்கும்.

முதல் நாளே மேலாளர் காரின், "ஷ்முக் கூடாது" என்றார். அதாவது நகை. வளையல், தோடு, மோதிரம் எல்லாம் கழற்றினேன். "எல்லாம் ஆயிற்றா?" என்றார். "ஆயிற்று" என்றேன். பொய் சொல்லவில்லை. ஊரில் இருப்பவர்களே, நீங்களே சொல்லுங்கள், தாலியை யாராவது நகையில் சேர்ப்பார்களா? குனிந்து அரைக்கையில் அது சட்டைக்குள்ளிருந்து நழுவி உரல் விளிம்பில் உரசும். உள்ளே தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு பாறையில் இரிடியம் எக்கச்சக்கமாக இருந்தது. காரின் கேக் வாங்கி வந்தார். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் சுத்தமான மணலை அதே உரலில் அரைத்தோம். அதிலும் இருந்தது. அப்படியென்றால் அது பாறையில் இருந்ததல்ல, அரைக்கும்போது வேறெங்கிருந்தோ ஒட்டியது. காரினின் முகம் வாடிவிட்டது. என் கை தானாகவே கழுத்துக்குப் போயிற்று.

இரத்தினபுரியில் தாலி செய்த நாள் கண்ணுக்குள் வந்தது. தட்டார் ஊத ஊத, அம்மாவின் பழைய தோடு கரிநெருப்பில் சிவந்து, நடுங்கி, ஒரு சொட்டாய் உருண்டது. என்னைக் கட்டப்போகிறவர் கண்கொட்டாமல் பார்த்தார். தட்டார் எதையோ ஒரு சிட்டிகை தூவினார். என்னவென்று நாங்கள் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். வேலை போனால், தோட்டத்தில் விசாவுக்குக் காத்திருக்கும் கணவர் இங்கே வருவதும் நடக்காது. பயத்தில் அவருக்கே போன் செய்தேன்.

"இங்க ரெண்டு நாளா மழ, மரத்துல பால்வெட்டு இல்ல," என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"கழட்டி வையி புள்ள. நான் என்ன அதுலயா தொங்கிக்கிட்டு இருக்கேன்?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னங்க சொல்றது?"

"தாலிய கழட்டிட்டுக் கல்லு அரைக்கவா போனான்னு கேப்பாங்க. கேக்கட்டும். நீ உள்ளத சொல்லிடு."

வேலை போனாலும் பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் தாலியைக் கழற்றிக் காரினின் கையில் வைத்தேன்.

"இது நகை இல்லையா?"

"இல்லை."

"பிறகு என்ன?"

ஜெர்மனில் எனக்குச் சொல் வரவில்லை. "என் புருஷன்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சோதித்தபோது அந்தப் பொன்னில்தான் இரிடியம் கலந்திருந்தது. தட்டார் தூவிய சிட்டிகை அதுவாகத்தான் இருக்க வேண்டும். "எல்லாப் பாறையையும் மறுபடி அரைக்க வேண்டும். நீங்கள்தான் அரைக்க வேண்டும்," என்றார் காரின். வேலை தப்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் குறிப்பேட்டைத் திறந்தார். இரிடியம் வந்த இடம் என்ற கட்டத்தில் 'விண்கல்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தப் பொன்னை உருக்கியது எந்த ஊர்?"

சொன்னேன். வெறுங்கழுத்தோடு நின்று, அந்தக் கட்டத்தில் அவர் 'இரத்தினபுரி' என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.