புங்கமரத்துத் தூளி

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் பயம். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜின் சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். ஆனாலும் நாங்கள் குடியிருந்த லைனில் எலி விழத் தொடங்கிய அந்த வருஷம் நான் பட்ட பயத்தோடு பார்த்தால் மற்றதெல்லாம் விளையாட்டு.

எங்கள் தட்டி வீட்டு வரிசையில் முதலில் ஒரு எலி கூரையிலிருந்து செத்து விழுந்தது. பிறகு பக்கத்து வீட்டு அடுப்படியில் இன்னொன்று. எலி விழுந்தால் அடுத்து மனுஷருக்கு அக்குளில் கட்டி வரும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லைனைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையைத் தலையிலும், அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த என் பெண்ணை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, ஊரிகத்தைத் தாண்டி ஒரு புங்கந்தோப்பில் போய்க் குடிசை போட்டோம். எங்களோடு இன்னும் சில குடும்பங்கள் வந்தன.

தோப்புக்காரர் கன்னடத்துக்காரர், எங்கள் பேச்சும் கொஞ்சம் வரும். புங்கங்கொட்டையை ஆட்டி எண்ணெய் விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர் எங்கள் பக்கமே வரவில்லை. வரப்பின் மேல் நின்று, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அங்கிருந்தே உரக்கச் சொன்னார். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது, பட்டையில் காயம் படக் கூடாது. ஒரு மரத்துக்கு ஏதாவது ஆனாலும் எல்லோரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கட்டிக்கொண்டு எங்கே போவது? எலி விழுந்த வீட்டுக்குத்தான். அதன் பிறகு தினமும் சாயங்காலம் வரப்பில் வந்து நிற்பார், சற்று நேரம் பார்ப்பார், போய்விடுவார். மரங்களை எண்ணிப் பார்க்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

தரையில் குழந்தையை விட முடியவில்லை. முதல் வாரமே பாய்க்கு அடியில் தேள் இருந்தது. எலி எந்த வளையில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டிவிடலாம் என்றேன். கட்டுவதற்கு என் சிவப்புப் புடவை இருந்தது, கயிறு இல்லை. என் வீட்டுக்காரர் மறுநாள் ஷிப்டு முடிந்து வரும்போது தோளில் வளையம் வளையமாக எதையோ மாட்டிக்கொண்டு வந்தார். கேஜை இழுத்துப் பழசாகிக் கழித்துப் போட்ட இரும்புக் கயிற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பிரி. கிரீஸ் பூசி மினுமினுவென்று இருந்தது.

வேண்டாம் என்றேன். தேங்காய்நார்க் கயிறு வாங்கி வரச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கேஜயே தூக்கின கவுறு இது. உன் பொண்ணு இன்னா, கேஜ விட கனமாவா கீறா?"

சுரங்கத்து ஆண்களுக்கு அந்தக் கயிற்றின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. தினமும் உயிரை அதில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? நல்லெண்ணெய் வாங்கினால் முகர்ந்து பார்க்கிறவர், இந்தக் கயிறு ஏன் கழிக்கப்பட்டது என்று மட்டும் கேட்கவில்லை. தூளியைத் தாழ்வாகக் கட்டச் சொன்னேன். விழுந்தாலும் அடிபடாத உயரத்தில், முழங்காலுக்குச் சமமாகக் கட்டினார். முதலில் கூடை நிறையக் கல்லை வைத்து ஆட்டினேன். பிறகு நானே உட்கார்ந்து பார்த்தேன். அறுந்து விழுமோ என்றுதான் என் பயமெல்லாம். கயிறு தளரக்கூட இல்லை. அதற்கப்புறம்தான் குழந்தையைப் போட்டேன். வேலைக்கு நடுவே போகும்போதும் வரும்போதும் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவேன்.

சில நாள் கழித்துத் தூளிக்கு அடியில் பெருக்கும்போது மரத்தூள் போலத் துடைப்பத்தில் வந்தது. கறையான் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். கயிறு பட்டைக்குள் போயிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஒரு மரத்தில் ஒரு விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. காயத்திலிருந்து பசை கசிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தேன். கிரீஸைத் துடைத்துப் பார்த்தால் உள்ளே கம்பிகள் முறிந்து முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. கேஜுக்கு ஆகாது என்று அவர்கள் தூக்கிப் போட்டதை நாங்கள் ரம்பமாகப் பண்ணி மரத்தில் கட்டியிருக்கிறோம்.

அன்று என் வீட்டுக்காரருக்குச் சோற்றுக்கு முன்னால் திட்டுதான் கிடைத்தது. அவர் போய் நார்க்கயிறும் இரண்டு கோணிச்சாக்கும் கொண்டுவந்தார். சாக்கை நாலாக மடித்து அகலமாக மரத்தில் சுற்றி, அதன் மேல் கயிற்றைக் கட்டினால் பட்டையில் படாது என்றார். சரியான யோசனைதான். ஆனால் மறுபடி மரத்தில் எதையும் கட்ட எனக்குத் தைரியம் இல்லை. சாணியும் செம்மண்ணும் குழைத்துக் காயத்தில் அப்பினேன். மற்ற குடும்பங்களிடம் மூச்சு விடவில்லை. என்னால் எல்லோரையும் துரத்துகிறார்கள் என்று தெரிந்தால் என்னைப் பிய்த்துத் தின்றுவிடுவார்கள். குழந்தையை இறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு குடிசைக்குள் உட்கார்ந்திருந்தேன். தோப்புக்காரர் வரப்புக்கு வரும் நேரத்தில் தலையைக்கூட வெளியே நீட்டவில்லை.

பிறகு அந்த மரத்தில் இலை பழுக்கத் தொடங்கியது. மாசியில் புங்கமரம் இலை உதிர்க்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சுற்றி நின்ற மரங்களெல்லாம் பச்சையாக இருக்க, இது மட்டும் மஞ்சளானால் என்ன நினைப்பது? மரம் சாகிறது என்றே முடிவு பண்ணிவிட்டேன். விடிந்ததும் முதலில் அக்குளைத் தடவிப் பார்ப்பேன், அடுத்து அந்த மரத்தைப் பார்ப்பேன். யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் உதிர்ந்ததையெல்லாம் மடியில் அள்ளிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிடுவேன்.

அப்படி அள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் தோப்புக்காரர். வரப்பில் அல்ல, மரத்தடியில், என் எதிரே நிற்கிறார். மூக்கில் துண்டு இல்லை. முகம் வெளுத்திருந்தது. என் மடியிலிருந்த இலை பூராவும் தரையில் கொட்டிவிட்டது. போச்சு, இன்றைக்கே லைனுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் மரத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"கூசு எல்லம்மா?" என்றார்.

குழந்தை எங்கே என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் புரியாமல் குடிசைக்குள் ஓடி, தூங்கிக்கொண்டிருந்தவளை அப்படியே தூக்கிவந்து காட்டினேன். அவள் கண்ணைத் திறந்து, அழலாமா வேண்டாமா என்று அவரைப் பார்த்தாள். அவர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தோளில் கிடந்த துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நா தினா வந்தது மரத்த பாக்க இல்லம்மா. அந்த செவப்பு தொட்லு ஆடுதான்னு பாப்பேன். ஆடினா இங்க யாருக்கும் காயிலா இல்லேன்னு போயிடுவேன். இத்தன நாளா தொட்லு காணோம்."

அவர் மனதில் என் குழந்தை செத்துப் போயிருந்தது. எங்கள் பக்கம் வர அவ்வளவு பயந்தவர் அதைக் கேட்கத்தான் உள்ளே வந்திருக்கிறார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மண்பூச்சைப் பெயர்த்துக் காயத்தைக் காட்டி அழுதேன். விரலை விட்டு ஆழம் பார்த்தார், கன்னடத்தில் நன்றாகத் திட்டினார். அப்புறம் வெட்டு மரத்தைச் சுற்றி வரவில்லை, ஒரு பக்கம்தான், மரம் பிழைத்துக்கொள்ளும் என்றார். பாறை மேல் நிற்பதால் இந்த மரம் எந்த வருஷமும் முதலில்தான் இலை உதிர்க்குமாம்.

சாக்கை மடித்துச் சுற்றி, காயத்துக்கு மேலே, நார்க்கயிற்றால் அவர் எதிரிலேயே தூளியைக் கட்டினேன். குழந்தையைப் போட்டதும் எழுந்து நடந்தார். வரப்பில் ஏறி நின்று திரும்பினார்.

"இன்னிமே அத சும்மா அவுக்காதம்மா," என்றார்.

தலையாட்டினேன். அவர் வரப்பைத் தாண்டிப் போகும்வரை தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். போன பிறகும் தூளியிலிருந்து கையை எடுக்கப் பயமாக இருந்தது.