பிள்ளையின் தலையும் மிஸியின் ஏச்சும்

வெள்ளவத்தையில் பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போய், குழந்தைக்குக் குளிக்க வார்த்துக் கொடுப்பது என் வேலை. அப்படி ஒரு வீட்டில்தான் அந்த மிஸியைக் கண்டேன். பிறந்த பிள்ளைகளைப் பார்க்க வீடு வீடாக வருகிற அரசாங்க மருத்துவமாது, சிங்களப் பெண். மெல்லிய ஆள், வெள்ளை உடுப்பு, கையில் கறுப்புக் குடை. குழந்தையைத் தொடுமுன் இரண்டு கையையும் தன் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொள்வா.

அந்தக் குழந்தைக்குத் தலை பப்பாசிப்பழம் மாதிரி நீண்டிருந்தது. தாய் அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். "எண்ணெய் வைச்சு நல்லா அமத்தி உருட்டிவிடணை" என்று சொல்லிவிட்டு மாமியார் சமைக்கக் குசினிக்குள் போனா. மறுத்துக் கதைக்க எனக்கு வராது. எண்ணெய் தொட்ட என் கையை மிஸி மெல்லப் பிடித்தா.

"அம்மே, அமத்த வேணாம். வயித்துல தலை எலும்பு பக்கத்துல பக்கத்துல இருக்கும். வாற வழி சின்னதுதானே, ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறும். கொஞ்ச நாள்ல தானா இறங்கும்."

என் விரலை உச்சியில் வைத்தா. மெத்தென்ற இடத்தில் நாடி துடித்தது.

"அந்தம்மா கேட்டா நான் என்ன சொல்லுறது?"

மிஸி குசினிப் பக்கம் திரும்பி, மாமியாருக்குக் கேட்கச் சத்தமாக எனக்கு ஏசினா: "இந்த அம்மாக்கு எத்தன தரம் சொல்றது? தலைய அமத்தினா இனி இங்க வரக் கூடாது, சரியா?"

மாமியார் பிறகு தலையை அமத்தச் சொல்லவில்லை. தலையும் ஒரு கிழமைக்குள் உருண்டையாகிவிட்டது.

எனக்கு எத்தனையோ பேர் ஏசியிருக்கினம். ஏசி முடியும் வரைக்கும் என் கையை விடாமல் பிடித்திருந்தது அவ ஒருத்திதான்.