கம்பும் சாம்பார் வாளியும்

நானெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்காவது தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தேழு வயதில் சிலம்பம் பழகப் போனதைத்தான் சொல்லப் போகிறேன். வீரக்கதை எதுவும் இதில் இல்லை.

மதுரையில் ஒரு மெஸ்ஸில் இருபத்திரண்டு வருடமாகப் பரிமாறுகிறேன். சமயநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன். எங்கள் மெஸ்ஸில் ஆர்டரை எழுதிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. மேஜையில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் எட்டு மேஜைக்கும் தடுமாறாமல் சொல்வேன். இப்போது மேஜை ஒரு பக்கம், பார்சல் ஒரு பக்கம், செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கும் டெலிவரி ஆட்கள் ஒரு பக்கம். குறுக்கே யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், மனதில் வைத்திருந்தது அத்தனையும் போய்விடும். ஊத்தப்பம் கேட்டவருக்குப் பொடி தோசை போகும். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் முன்னால் கேசரியை வைத்துவிட்டு, அவர் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறார் என்று புரியாமல் நின்றிருக்கிறேன்.

"என்ன மாப்ள, ஆர்டரை வர்ற வழியிலயே எறக்கி விட்டுட்டு வந்துட்டியா?" என்பார் தோசை மாஸ்டர்.

முதலாளி திட்டுகிற ஆள் இல்லை. ஒருநாள் மதியம் கூட்டம் கலைந்த பிறகு கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இனி நீங்க எலை எடுக்குற வேலையப் பாருங்களேன். சம்பளம் அதேதான்."

"கொஞ்ச நாள் பொறுங்க மொதலாளி" என்று மட்டும் சொன்னேன். அதற்கே வியர்த்துவிட்டது.

சம்பளம் என் கவலை இல்லை. பரிமாறும் இடத்தில்தான் எனக்குப் பேச்சு வரும். "இன்னொரு தோசை வைக்கவா?" "பாப்பாவுக்குக் காரம் ஆகாதே, சீனி தரட்டா?" வீட்டில்கூட நான் இந்த அளவு பேசுவதில்லை. இலை எடுப்பவன் வரும்போது சாப்பிட்டவர் கை கழுவப் போயிருப்பார்.

பஸ்ஸை விட்டு இறங்கி வைகைக் கரையோரமாக நடந்துதான் மெஸ்ஸுக்குப் போவேன். அங்கே ஒரு காலி இடத்தில் தினமும் காலையில் சிலம்பம் பழகுவார்கள். சொல்லிக் கொடுப்பவர் ஒரு பெண், எல்லாருக்கும் டீச்சர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு பக்கமும் ஆட்கள் கம்பை வீச, நடுவில் நின்று இரண்டையும் தடுத்துக்கொண்டே மூன்றாவது ஆளிடம் "முட்டியை மடக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எப்படி முடிகிறது என்று நின்று பார்ப்பேன்.

"அண்ணே, தெனமும் பார்த்துட்டே போறீங்க. உள்ள வாங்க, கம்பு ஒண்ணும் கடிக்காது" என்று ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

என் வயதில் அங்கே இன்னொருவரும் இருந்தார், கீழவாசல் பக்கம் பூட்டுக்கடை வைத்திருக்கும் பாய். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னாராம். நடப்பது சலித்துப்போய்க் கம்பை எடுத்தாராம். எனக்கு அவர்தான் ஜோடி.

மெஸ் விஷயத்தைச் சொல்லவே எனக்கு மூன்று வாரம் ஆனது. அதைக் கேட்டதிலிருந்து டீச்சர் எனக்கென்று ஒரு பயிற்சி வைத்தார். நான் கம்பைச் சுற்றிக்கொண்டே காலடி வைத்துப் போக வேண்டும். அவர் பக்கத்தில் நடந்தபடி ஆர்டர் சொல்வார்.

"ரெண்டு நெய் தோசை, ஒரு பூரி, பாய்க்குச் சீனியில்லாத காப்பி!"

"ஏம்மா, இந்த வெளையாட்டுக் காப்பியிலயாவது எனக்குச் சீனி போடக் கூடாதா?" என்பார் பாய்.

பத்துச் சுற்று முடிந்ததும் நான் ஆர்டரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். காலடியை நினைத்தால் பூரி மறந்தது. பூரியை நினைத்தால் கம்பு காதில் அடித்தது.

"ரெண்டையும் ஒண்ணா பிடிக்கப் பார்க்காதீங்கண்ணே. காலைப் பழக்கி விட்டுருங்க. அது பாட்டுக்கு அது போகும். மனசு காலியா இருந்தாத்தான பூரி உள்ள வரும்?"

அது புரியப் பல வாரம் ஆனது. பிறகு ஒருநாள் கால் தானாகப் போனது. எதிரே நிற்பவரின் கம்பைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கவும் பழகினேன். நெஞ்சைப் பார்த்தால் இரண்டு கையும் தெரியும். மெஸ்ஸிலும் அப்படியே செய்தேன். ஒவ்வொரு மேஜையிலும் ஆளை நிதானமாகப் பார்த்தேன். ஆள் மனதில் நின்றால் அவர் கேட்டதும் கூடவே நின்றது. தப்பு குறைந்தது. ஆனாலும் முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம முகூர்த்தம். கூட்டம் அள்ளும். அன்னைக்குப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்ணே" என்றார்.

அந்த வாரம் டீச்சர் புதுப் பாடம் எடுத்தார். பின்னாலிருந்து குரல் கேட்டால் கழுத்தை மட்டும் திருப்பக் கூடாது. இடுப்போடு முழு உடம்பையும் சுழற்ற வேண்டும், கை கூடவே வர வேண்டும். ஐந்து நாள் அதையே செய்தோம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உட்கார இடமில்லை. ஐந்து மேஜை ஆர்டர் என் மனதில் இருந்தது. கையில் சாம்பார் வாளி. பின்னாலிருந்து தோசை மாஸ்டர் "மாப்ள!" என்று கத்தினார். நான் இடுப்போடு சுழன்றேன். வாளியும் கூடவே வந்தது.

மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற ஒருவர் வெள்ளைச் சட்டையும் பட்டு வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார். தோளிலிருந்து சட்டைப் பை வரைக்கும் சாம்பார். நல்லவேளை, ஆறிப்போன சாம்பார்.

சிலம்பத்தில் நம் கம்பு அடுத்தவர் மேல் பட்டுவிட்டால் தரையைத் தொட்டுக் கும்பிட வேண்டும். நான் வாளியை வைத்துவிட்டுத் தரையைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "என்னண்ணே, சாம்பாரை ஊத்திட்டுச் சாமி கும்புடுறீங்க?"

பக்கத்து மேஜையில் சிரித்துவிட்டார்கள். கடைசியில் அவரும் சிரித்தார். துண்டை எடுத்து அவர் தோளைத் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து மாஸ்டர், "அதெல்லாம் கெடக்கட்டும், ஆர்டரைச் சொல்லுய்யா, கல்லு காயுது!" என்றார். துடைத்துக்கொண்டே ஐந்து மேஜைக்கும் சொன்னேன். ஒன்றுகூட மாறவில்லை. மாஸ்டர் திரும்பி முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி தன் சட்டையைக் கழற்றி அந்த ஆளுக்குக் கொடுத்தார். அளவு கொஞ்சம் இறுக்கம். அதைப் போட்டுக்கொண்டு அவர் மேலூருக்குப் போனார். முதலாளி மதியம் வரை பனியனோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஓய்ந்ததும் என்னிடம் வந்தார்.

"ஆர்டரை மறக்கல, சரி. ஆள் பக்கத்துல இருக்கான்ங்கிறத மறந்துட்டீங்களேண்ணே. மேஜைய நீங்களே பாருங்க. சாம்பார் வாளிய மட்டும் தொடாதீங்க."

மறுநாள் திங்கட்கிழமை. எனக்கு ஆறு மேஜை கொடுத்தார்கள். ஒரு ஆர்டர் மட்டும் மாறிப்போனது.