நம்பாதவருக்கு ஓர் இலை

கார்த்திகை மழை விடாத ஒரு மாலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில், தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிக் குடும்பத்துப் பாட்டி பீபிக், வேலியருகே வந்து, "சிகு சுடா தடா" என்றாள். எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் சிவராமன் மாஸ்டர் போய்விட்டார் என்று அவள் மலாயில் சொன்னது புரிந்தும், களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

மாஸ்டர் கோயில் பக்கம் போகாதவர் என்பது அவரிடம் படித்த உங்களுக்குத் தெரியும். துக்காங் எமாஸ் சாலைப் பிள்ளையாரைக் கடக்கும்போதும் சைக்கிள் மணியை அடிப்பாரே தவிர, கன்னத்தில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஜப்பான்காரன் காலத்தில் என் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை. உயிரோடிருக்கிறார் என்று ஒரு சாமியாடி சொன்னதை நம்பி, இன்றும் பொட்டு வைக்கிறேன்; அவருக்கும் சேர்த்தே சோறு வடிக்கிறேன். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பின் பள்ளிக்கு வந்த இளம் பட்டதாரி ஒருவர், ஆசிரியர் அறையில் எல்லார் முன்னும் கேட்டார்: "என்ன டீச்சர், சயாம் ரயிலு இன்னும் லேட்டா?"

சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"தம்பி, அவரு செத்துட்டாருன்னு ஆதாரம் வச்சிருக்கியா? இருந்தா காட்டு. இல்லன்னா கோப்பிய குடிலா, ஆறுது."

வெளியே வந்ததும் கேட்டேன். "நீங்க நம்புறீங்களா மாஸ்டர்?"

"இல்ல டீச்சர். அவரு வருவாருன்னு நான் நம்பல." சற்று நடந்துவிட்டுக் கேட்டார்: "அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?"

அத்தனை வருடங்களில் அதை யாரும் கேட்டதில்லை. "கருவாட்டுக் குழம்பு" என்றேன்.

"கத்திரிக்கா போட்டா, போடாமலா?"

மணியடித்துவிட்டது. வகுப்புக்கு ஓடினோம்.

பீபிக்கின் பேத்தி மந்திரித்த கயிற்றோடு காய்ச்சலில் கிடந்தபோது மாஸ்டருக்குக் கோபம் வந்தது. கயிறு இருக்கட்டும், ஊசியும் போடவேண்டும் என்று மலாயில் அதட்டி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கயிற்றை ஏன் விட்டுவைத்தீர்கள் என்றேன். "அத பார்த்துச் சிரிச்சா கதவ சாத்திக்குவாங்க டீச்சர். அப்புறம் மருந்து எந்த வழியா உள்ள போகும்?"

பீபிக் போன்ற எங்கள் காஜா பெராங் பகுதிச் செட்டிகள் போகியன்று இறந்தவர்களுக்கு இலை போட்டு, பிடித்ததைப் படைத்துவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று காத்திருப்பார்கள். என் கணவருக்கும் ஓர் இலை போடட்டுமா என்று பீபிக் வருடந்தோறும் கேட்பாள். மறுத்துவிடுவேன். அந்த இலை விழுந்தால் அவர் இறந்தவராகிவிடுவார். ஒருமுறை மாஸ்டரிடமே யோசனை கேட்டேன்.

"அது உங்க இலை டீச்சர், நீங்கதான் முடிவு பண்ணணும். எனக்கு மட்டும் போட்டுடாதீங்க, நான் வரமாட்டேன்" என்று சிரித்தார்.

இந்தப் போகிக்குப் பீபிக் வீட்டில் மாஸ்டருக்கு ஓர் இலை போட்டேன். பால் சேர்க்காத கோப்பியும் ரொட்டியும் வைத்தேன். பீபிக் இன்னோர் இலையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். வேண்டாமென்று தலையசைத்தேன். சிரிப்பவர்களுக்கு முன்னால் என் பக்கம் நிற்க இனி ஆளில்லை என்று அந்தக் காத்திருப்பில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து இருவருக்குச் சோறு வடித்தேன். மாஸ்டரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவர் கேட்டுவிட்டுப் போன கேள்வி ஒன்றுதான்.

கத்திரிக்காய் போட்டுத்தான், மாஸ்டர்.