முதல் நாள் ஓடியவள்

நாட்டுக்கு எத்தனை பதக்கம் என்று செய்தியில் தினமும் பட்டியல் போடுவார்கள். அதில் தொடர் ஓட்டத்துக்கு ஒன்றுதான் கணக்கு. ஆசிய அளவிலான அந்தப் போட்டியில் எங்கள் பெண்கள் அணி வாங்கிய வெள்ளியும் ஒன்றாகத்தான் ஏறியது. மேடையில் நின்றவர்கள் நாலு பேர். ஆனால் அந்த வெள்ளி ஐந்து பேரிடம் இருக்கிறது. ஐந்தாவது ஆள் நான்.

இதை விளக்காமல் மேலே போக முடியாது. முதல் நாள் காலை தகுதிச் சுற்று, மறுநாள் சாயங்காலம் இறுதி. தகுதிச் சுற்றில் ஓடியவர்களே இறுதியிலும் ஓடவேண்டும் என்று சட்டம் இல்லை. தனி ஓட்டத்தில் களைத்துப்போன நல்ல ஓட்டக்காரிக்கு முதல் நாள் ஓய்வு கொடுத்து, அவள் இடத்தில் இன்னொருத்தியை ஓடவிட்டு, இறுதியில் அவளை இறக்குவார்கள். எல்லா நாடும் செய்வதுதான். முதல் நாள் மூன்றாவது ஆளாகப் பேட்டன் குச்சியை வாங்கி ஓடியவள் நான். எனக்கு முன்னால் போனவளைப் பிடித்துத் தாண்டி, கடைசி ஆளின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருந்தது. மறுநாள் என் இடத்தில், அன்று ஓய்வு கொடுத்து வைத்திருந்த ஓட்டக்காரி ஓடினாள். பயிற்சியாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கொஞ்சம் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருப்பேன், அவ்வளவுதான்.

அணி ஜெயித்தால் தகுதிச் சுற்றில் ஓடியவளுக்கும் பதக்கம் உண்டு. மேடைதான் கிடையாது. என்னுடையதை அணி மேலாளர் சாப்பாட்டுக் கூடத்தில் கொண்டுவந்து கொடுத்தார். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன், எச்சில் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். பக்கத்து மேசையில் அந்த நாலு பேரின் போன்களும் ஓயாமல் அடித்தன. என் போன் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

ஏன் அடிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் நாள் ஓட்டத்தை எந்தச் சேனலும் காட்டவில்லை. இறுதி ஓட்டத்துக்கு ஊர்ப் பையன்கள் குளத்துக்கரையில் பெரிய திரை கட்டி, எல்லாரையும் கூட்டி உட்காரவைத்திருக்கிறார்கள். நாலு பெண்கள் ஓடினார்கள். ஒருத்திகூட நான் இல்லை. நாடு ஜெயித்தது, எங்கள் ஊர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனது. மறுநாள் நானே அம்மாவைக் கூப்பிட்டு, எனக்கும் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். சரி பாப்பா, உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறவர்களிடம் பேசுகிற குரல் அது.

நான் ஊருக்கு வந்தபோது குறுவை அறுவடை முடிகிற நேரம். சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்ந்தது. ஆட்டோ மறுபக்கமாக ஊர்ந்தது. எனக்காகச் சொல்லிவைத்திருந்த தப்பு மேளமும் ஊர்வல டிராக்டரும் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் வரவில்லையே என்று இருந்தது. வழியில் நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பா எங்கள் குவியலுக்குக் காவல் உட்கார்ந்திருந்தார். மூட்டை பிடிக்க முறை வரவில்லை, மழை மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. குவியலை ஒரு புது பிளக்ஸ் போட்டு மூடியிருந்தார். என்னை வரவேற்க அடித்த பிளக்ஸ் அது. என் முகம் நெல்லைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் தூக்கினார், நீ வீட்டுக்குப் போ என்பதுபோல.

தெருவில் எல்லாரும் நல்லவர்கள். பயணம் சவுகரியமா, ஏன் இளைத்துவிட்டாய், அங்கே சோறு கிடைத்ததா என்று கேட்டார்கள். ஓடினாயா என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பரீட்சையில் தவறிய பிள்ளையிடம் மார்க்கை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசுவார்களே, அந்தப் பெருந்தன்மை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதாவது ஒரு வம்புக்காரர், டிவியில் உன்னைக் காணோமே என்று கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பதக்கத்தை எடுத்து நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். கனம் பார்த்தாள். நாடாவைத் தடவினாள். பிறகு எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"எப்ப திருப்பிக் குடுக்கணும்?"

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

"இத குடுத்தனுப்பிச்ச பொண்ணுக்குத்தான்."

அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று எதற்குப் போனாலும் அம்மா கிழக்கு வீட்டு அத்தையின் சங்கிலியை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போவாள். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். இரவல் வாங்குவதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. வெறுங்கழுத்தோடு சபையில் போய் நிற்பதுதான் வெட்கம். மகளும் அதே புத்தியோடு, வீட்டுக்குத் தலைகுனிவு வராமல் எங்கிருந்தோ ஒன்றை வாங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். அவள் முகத்தில் அந்தப் பெருமை தெரிந்தது.

நான் தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்குக் கைவந்த பழக்கம் இல்லை. முதல் நாள் ஒருத்தி நாற்றுப் பறிக்கிறாள், மறுநாள் இன்னொருத்தி நடுகிறாள், பறித்தவளுக்கும் கூலி உண்டா இல்லையா என்று கேட்டேன். உண்டுதான் என்றாள். அதுதான் இது என்றேன். அம்மா பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். முகம் தெளிந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"நல்லா இருக்கு பாப்பா. யாரு கேட்டாலும் இப்படியே சொல்லு. அப்பாகிட்டயும் மாத்திச் சொல்லிப்புடாத."

போனில் என் பெயரைத் தேடிக் காட்டினேன். பெயர்தான் முதலிலேயே அணியில் இருந்ததே என்றாள். நியாயம்தான். ஓடிய வீடியோவைத் தேடினேன். இறுதி ஓட்டம் விதவிதமாக வந்தது, முதல் நாள் ஓட்டம் ஒன்றுகூட வரவில்லை. பெற்ற மகளையே நம்பமாட்டாயா என்று கத்திவிட்டேன். அவள் பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். வெளியில் கேட்டுவிடுமாம்.

கேட்டுவிட்டது போலிருக்கிறது, கிழக்கு வீட்டு அத்தை வந்தாள். அம்மா கையில் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, டிவியில் நம் பெண்ணைக் காட்டவே இல்லையே என்று இழுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"டிவிக்காரன் மொத நாளு ஓட்டத்தக் காட்டுனானா அத்தாச்சி? அன்னிக்கு முன்னாடி போனவள எம்பொண்ணு ஓடிப் புடிக்கலன்னா, மறுநா அந்த நாலு பொண்ணுங்க எங்கேருந்து ஓடுவாங்க? நாத்துப் பறிக்காம நட முடியுமா?"

சந்தேகத்தின் நிழல்கூட இல்லாத குரல். நான் சொன்னதைவிட நூறு மடங்கு நன்றாகச் சொன்னாள். அத்தை பதக்கத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் அம்மா நாற்றுக் கதையைச் சொன்னாள், அலுக்காமல் சொன்னாள். எல்லாரும் நம்பினார்கள். விஷயம் கொள்முதல் நிலையத்துக்கும் போய், பையன்கள் நெல்லுக்கு வேறு தார்ப்பாய் போட்டுவிட்டு, பிளக்ஸை அலசிக் கொண்டுவந்து முச்சந்தியில் கட்டினார்கள். அப்பா பதக்கத்தைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவரும் நம்பினார்.

அவர்களை நம்பவைத்தவள் மட்டும் நம்பவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அம்மா அவ்வப்போது என் பக்கம் திரும்பி, நான் இருக்கிறேன், பயப்படாதே என்பதுபோலத் தலையசைத்தாள். அவள் அப்படிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டியது. ஊர் முழுக்கக் கழுத்தில் மாலை போட்டது. அந்தக் கூட்டத்தில் நான் தனி ஆளாக நின்றேன். அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில்கூட நான் அவ்வளவு தனியாக இல்லை.

லீவு முடியும்வரை பதக்கத்தை அவள் அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்டுவாள், கீறல் விழுந்துவிடப் போகிறது என்று கூடவே நிற்பாள். தனியாக இருக்கும்போது அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிப்பாள். எந்த ஊர், அப்பா அம்மா இருக்கிறார்களா, நன்றாகச் சாப்பிடுவாளா. தன் கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும் என்று ஆச்சரியப்படுவாள். முதலில் மறுத்துப் பார்த்தேன். மறுக்க மறுக்க அவளுக்கு என் மேல் பரிதாபம் கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கடைசியில், நம் பக்கத்துப் பெண்தான், நன்றாகச் சாப்பிடுவாள் என்றேன். அம்மாவுக்கு நிம்மதி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது. அப்படி ஒன்று உண்மையில் கிடையாது.

பயிற்சி முகாமுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. ஒரத்தநாடு பஸ் நிலையம்வரை அம்மா கூடவே வந்தாள். தஞ்சாவூர் பஸ் கிளம்பப் போகும்போது பதக்கத்தை என் கையில் கொடுத்து, பைக்குள் போகிறதா என்று பார்த்தாள். பிறகு தன் கூடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள். முறுக்கு.

"வெறுங்கையோட திருப்பிக் குடுக்காத. அந்தப் பொண்ணுகிட்ட இதையும் குடு. எங்கம்மா குடுத்தாங்க, நீ நல்லா இருக்கணும்னு சொன்னாங்கன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். பஸ் எடுத்தது.

தஞ்சாவூர் வருவதற்குள் டப்பாவைத் திறந்துவிட்டேன். முறுக்கு நன்றாக இருந்தது. எனக்காகச் சுடும்போது இப்படி எள் போடமாட்டாள், வெண்ணெய் போடவே மாட்டாள். ஒடியாத முறுக்காகப் பொறுக்கி அடுக்கியிருந்தாள். ஒன்று ஒன்றாகத் தின்றேன். அம்மா இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்து அனுப்புகிற அந்தப் பெண்ணின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.